கணக்குக் கேட்க வந்தவர்களைக் கைதட்ட வைத்தவர்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, இன்று ஒரு மாலைக்கு மட்டும் எதிரிகளாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் வேறு வேலை எல்லாம் விட்டுவிட்டு அமெரிக்க அரசியலைத் தமிழில் கேட்க வந்திருக்கும் துணிச்சல்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சாரா பேலின் வந்ததால் டீ பார்ட்டி இயக்கம் வளர்ந்ததா, தடம் புரண்டதா?" இதுதான் தலைப்பு. பேலின் அலாஸ்கா மாநில கவர்னராக இருந்தவர், டீ பார்ட்டி 2009இல் அமெரிக்காவில் கிளம்பிய இயக்கம். நான் தடம் புரண்டது என்ற பக்கம். எதிரணியில் தொடங்கி வைத்த அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். தலைவர் இல்லாமல் தெருவில் நின்ற கூட்டத்துக்கு முகம் கொடுத்தவரே பேலின்தான் என்றார். ஐந்து பிள்ளைகளின் தாய், சின்ன ஊர் மேயராக இருந்தவர், அவரைப் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கேலி செய்தார்கள், அந்தக் கேலிக்கு மக்கள் கொடுத்த பதில்தான் டீ பார்ட்டி என்றார். கடைசியாக, 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்ததே, அது யாரால் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன், பேச்சு அப்படி. ஆனால் அண்ணே, சிறிய அரசு வேண்டும், செலவைக் குறை என்று கிளம்பிய ஒரு இயக்கத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினீர்கள், அதில் செலவைப் பற்றி ஒரு வாக்கியம் கூட இல்லையே! என் வாதமே அதுதான் நடுவர் அவர்களே. பேலின் பெயரை எடுத்தாலே யாருக்கும் கணக்கு ஞாபகம் வருவதில்லை. அவரைப் பிடித்தவர்களுக்கும் வருவதில்லை, பிடிக்காதவர்களுக்கும் வருவதில்லை.

இளையவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். 2008 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. வங்கிகளைக் காப்பாற்ற 700 பில்லியன் டாலர் வேண்டும் என்று புஷ் அரசு கேட்டது. முதல் தடவை, செப்டம்பர் 29 அன்று, பிரதிநிதிகள் சபை முடியாது என்று தள்ளிவிட்டது, ஏனென்றால் ஊரில் இருந்து வந்த போன்களும் மின்னஞ்சல்களும் அப்படி. நான்கே நாளில் அதே சபை தலையாட்டியது. அக்டோபர் 3ஆம் தேதி புஷ் கையெழுத்துப் போட்டார். இதை நன்றாகக் கவனியுங்கள், ஒபாமா இன்னும் பதவிக்கே வரவில்லை. கோபத்தின் முதல் விதை விழுந்தது குடியரசுக் கட்சி அதிபர் காலத்தில். அந்த பெயில் அவுட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் அந்த வருஷம் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற செனட்டர் ஜான் மெக்கெயினும் ஒருவர். அவரோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற சாரா பேலினும் அன்றைக்கு அதே பக்கம்தான். எந்த அநியாயத்தை எதிர்த்து இந்த இயக்கம் பிறந்ததோ, அந்த அநியாயம் நடந்த நாளில் இயக்கத்தின் 'முகம்' எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எதிரணி ஏன் சொல்லவில்லை?

அப்புறம் ஒபாமா வந்தார். 2009 பிப்ரவரி 17ஆம் தேதி, சரிந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தில் கையெழுத்து. மறுநாள், வீட்டுக் கடன் கட்டமுடியாதவர்களுக்கு 75 பில்லியன் திட்டம். அதற்கும் மறுநாள், சிகாகோ சந்தைக் கூடத்தில் நின்றுகொண்டு சிஎன்பிசி தொலைக்காட்சியின் ரிக் சான்டெல்லி, பக்கத்து வீட்டுக்காரன் கடனை நாம் ஏன் கட்டவேண்டும் என்று கத்தி, சிகாகோவில் ஒரு டீ பார்ட்டி நடத்தப்போகிறேன் என்றார். வீடியோ பரவியது, பெயர் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பலர் விட்டுவிடுகிற கதை ஒன்று உண்டு. சான்டெல்லி கத்துவதற்கு மூன்று நாள் முன்னாலேயே, பிப்ரவரி 16 அன்று, சியாட்டிலில் கெலி கேரண்டர் என்ற இளம்பெண் நூற்றுச் சொச்சம் பேரைத் திரட்டி ஊக்கத் திட்டத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடத்திவிட்டார். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கூட்டத்தில் எம்.பி. ஒருவர் முன்னால் இருபது டாலர் நோட்டைத் தூக்கிப் பிடித்து, என் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது நியாயம் என்று நினைத்தால் இங்கே வந்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டாரே, அதே பெண். அவர் கேள்வியோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. வரி என்பதே கொஞ்சம் என் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். ஆனால் அது நேர்மையான கேள்வி. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

பெயர்க் காரணத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், நம் காதுக்கு அது கொஞ்சம் வேறுமாதிரி கேட்கும். 1773இல் கடனில் மூழ்கிக் கிடந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதை அப்படியே சாகவிட முடியாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, கூடவே அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலையை நேரடியாக விற்கச் சலுகையும் கொடுத்தது. அதனால் அங்கே தேயிலை விலை குறைந்திருக்கும்! குறைந்த விலைத் தேயிலையைத்தான் பாஸ்டன்காரர்கள் டிசம்பர் 16ஆம் தேதி இரவு 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடாதே, உன் செல்லக் கம்பெனியைக் காப்பாற்ற எங்கள் சந்தையைக் கொடுக்காதே என்பதுதான் சண்டை. அதே கம்பெனிதான் அப்போது சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உட்கார்ந்து நம் ஆட்களிடமும் வசூல் செய்துகொண்டிருந்தது, நாம் எதையும் கடலில் கொட்டவில்லை என்பது வேறு பட்டிமன்றம். நான் சொல்ல வருவது, 2009இல் அந்தப் பெயரை எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. பெரிய கம்பெனியைக் காப்பாற்ற அரசு நம் பையில் கை வைக்கிறது என்ற கோபத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம்.

இப்போது எங்கள் அணிக்குள்ளேயே ஒரு சின்னச் சண்டை. எனக்கு முன்னால் பேசிய எங்கள் அணித் தோழி, டீ பார்ட்டி மக்கள் இயக்கமே இல்லை, பணக்காரர்கள் ஏவிவிட்ட கூட்டம் என்றார். நடுவர் மன்னிக்கவேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும் கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்கள் பணம் போட்ட 'அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி' இருந்தது, முன்னாள் எம்.பி. டிக் ஆர்மி தலைமையில் 'ஃப்ரீடம்வொர்க்ஸ்' இருந்தது, பஸ் ஏற்பாடு செய்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் ஊர் நூலகத்து அறையில், ஓட்டல் பின்கட்டில், மாதா மாதம் கூடி மசோதாவைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்த ஓய்வுபெற்ற ஆட்களும் வீட்டுப் பெண்களும் யாரும் ஏவி வந்தவர்கள் இல்லை. அதுவரை அரசியல் கூட்டத்துக்கே போகாதவர்கள் நிறையப் பேர். அந்தக் கூட்டங்களில் ஒபாமாவைக் கேவலப்படுத்திய பதாகைகள் இருந்தன, அவர் பிறந்த ஊரைச் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க ஒன்றும் இல்லை. அரசின் கை என் மெடிகேரில் படக்கூடாது என்று சவுத் கரோலினாவில் ஒருவர் எம்.பி.யிடம் சொன்னாராம், மெடிகேர் என்பது முதியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு, அதை நடத்துவதே அரசுதான்! சிரிக்கலாம். ஆனால் 2010 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸும் சிபிஎஸ்ஸும் எடுத்த கருத்துக்கணிப்பில் டீ பார்ட்டி ஆதரவாளர்களில் பெரும்பாலானவர்கள் அரசு சின்னதாக இருக்கவேண்டும் என்றார்கள், அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் ஆகும் செலவு தகும் என்றும் சொன்னார்கள். ஒரே வாயில் இரண்டும். இந்த முரண்பாடுதான் அந்த இயக்கத்தின் நடுவில் கிடந்த பெரிய பாறை. அரசுச் செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது, அதைத் தொடாமல் செலவு குறையாது, தொட்டால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வலிக்கும். ஒரு நல்ல தலைவர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அந்தப் பாறையைக் காட்டியிருப்பார். உட்காருங்கள், எதை வைப்பது எதை விடுவது என்று சேர்ந்து முடிவு செய்வோம் என்றிருப்பார்.

வந்தவர் பேலின்.

அவருக்கு நியாயமாகச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2008 ஆகஸ்ட் 29 அன்று டேட்டனில் மெக்கெயின் அவரை மேடையில் நிறுத்திய நாளில் இருந்து அவரைப் பற்றி நடந்த கேலியில் பாதி அசிங்கம். என் வீட்டில் இருந்தே ரஷ்யா தெரியும் என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் நம்புகிறோம். இந்த அரங்கிலேயே எத்தனை பேர் நம்புகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் எனக்குச் சங்கடம். அது டீனா ஃபே என்ற நடிகை 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அவரைப் போல வேஷம் போட்டுச் சொன்ன வசனம். பேலின் சொன்னது, அலாஸ்காவில் ஒரு தீவில் நின்றால் ரஷ்யா தெரியும் என்பது, அது பூகோளப்படி உண்மை. இந்தக் கணக்கில் எதிரணிக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள் நடுவர் அவர்களே. ஆனால் கேலி செய்யப்பட்டார் என்பதற்காக ஒருவர் சிக்கனக்காரர் ஆகிவிட மாட்டார். எதிரணியின் மொத்த வாதமும் இந்த ஒரு பாலத்தில்தான் நடக்கிறது, நான் அதைத்தான் தள்ளிவிடப் போகிறேன்.

பாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. அலாஸ்காவில் கெட்சிகன் ஊரில் இருந்து கிரவீனா தீவுக்கு ஒரு பாலம், 398 மில்லியன் டாலர் மதிப்பீடு, தீவில் ஐம்பது பேர் அளவுக்குத்தான் குடியிருப்பு, விமான நிலையம் ஒன்று உண்டு. எங்கேயும் போகாத பாலம் என்று நாடே சிரித்தது. 2008 குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் பேலின், அந்தப் பாலம் எங்களுக்கு வேண்டாம், ரொம்ப நன்றி என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் சொன்னேன் என்றார், கூட்டம் எழுந்து நின்றது. ஆனால் 2006இல் கவர்னர் தேர்தலில் நின்றபோது அந்தப் பாலத்தை ஆதரித்தவரும் அவர்தான். 2007இல் கைவிட்டபோது மத்திய அரசுப் பணம் திரும்பிப் போகவில்லை, அலாஸ்காவிலேயே வேறு செலவுக்கு நின்றது. வேண்டாம் என்றது பாலத்தை, பணத்தை இல்லை!

அவர் மேயராக இருந்த வசில்லா என்ன சொல்கிறது? சொத்து வரியைக் குறைத்தார், சரி. 14.7 மில்லியன் டாலரில் விளையாட்டரங்கம் கட்ட விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றினார்கள், அதுவும் அவர் காலம்தான். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு முடிவதற்குள் வேலையைத் தொடங்கி, ஊர் பின்னால் கூடுதல் பணம் அழுதது. வாஷிங்டனில் ஊருக்கென்று நிதி வாங்கித்தர ஆள் வைத்து ஏறக்குறைய 27 மில்லியன் டாலர் வரவழைத்தார்கள், ஏழாயிரம் பேர் கூட இல்லாத ஊருக்கு. ஒரு மேயராக அதை நான் தப்பு என்று கூடச் சொல்லமாட்டேன், தன் ஊருக்கு வாங்கித்தராமல் யார் ஊருக்கு வாங்கித்தருவார்? ஆனால் வாஷிங்டன் பணமே பாவம் என்று பேசும் இயக்கத்துக்கு அவரை முகம் என்று சொன்னால் எப்படி?

கவர்னராக அவர் செய்த பெரிய காரியத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே பிடித்த காரியம் அது. 2007இல் எண்ணெய்க் கம்பெனிகள் மீதான வரியை ஏற்றினார். பிபி, கோனோகோபிலிப்ஸ், எக்ஸான் மூன்றும் அலாஸ்காவை எத்தனையோ வருஷமாகத் தங்கள் கொல்லைப்புறம் மாதிரி நடத்தின. அவர் சொந்தக் கட்சியிலேயே அந்தக் கம்பெனிகளின் பக்கம் ஆள் இருந்தது, லஞ்ச வழக்கில் எம்.எல்.ஏ.க்கள் உள்ளே போன நேரம். அந்த நேரத்தில் லாபம் கூடக்கூட வரி விகிதமும் கூடும்படி சட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் எண்ணெய் விலை எகிறியது, கஜானா நிரம்பியது. அலாஸ்காவில் ஏற்கெனவே 1982இல் இருந்து எண்ணெய்ப் பணத்தில் ஒவ்வொருவருக்கும் வருஷா வருஷம் ஒரு பங்கு கிடைக்கும், 2008இல் அது 2069 டாலர். அதன் மேல் பேலின் 1200 டாலர் சேர்த்துக் கொடுத்தார். தலைக்கு 3269 டாலர், குழந்தைக்கும் உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநில வருமான வரியும் கிடையாது.

எதிரணித் தோழர்களே, இதில் சிறிய அரசு எங்கே இருக்கிறது? கம்பெனிகளிடம் வரி வாங்கி மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அரசு இது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஜனரஞ்சக அரசியல்வாதி செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான். அவர் தன்னை இப்படி அறிமுகம் செய்துகொண்டிருந்தால், "பெரிய கம்பெனிகளிடம் வாங்கி உங்களுக்குக் கொடுத்தவள் நான்" என்று சொல்லியிருந்தால், நானே எதிரணியில் போய் உட்கார்ந்திருப்பேன். மக்கள் பக்கம் நிற்பது ஒன்று, அரசைச் சுருக்குவது வேறு ஒன்று. இரண்டும் சில நேரம் ஒரே பாதையில் வரும், பல நேரம் முட்டிக்கொள்ளும். பேலின் முதலாவதில் கெட்டிக்காரர், இரண்டாவதின் கொடியைத் தூக்கினார்.

எதிரணி அடுத்து என்ன எடுக்கும் என்று தெரியும். 2007இல் கட்டுமான பட்ஜெட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட திட்டங்களை அடித்து 237 மில்லியன் டாலர் குறைத்தார் என்பார்கள். உண்மை. அதே வருஷம் 6.6 பில்லியன் டாலர் செலவு பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டார், அன்றைக்கு அதுதான் மாநில வரலாற்றிலேயே பெரியது. ஒபாமாவின் ஊக்கத் திட்டப் பணத்தை மறுத்தார் என்பார்கள். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் மொத்தக் கதையின் மையம்.

2009 மார்ச்சில் அலாஸ்காவுக்கு வரவேண்டிய ஊக்கப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வேண்டாம் என்றார். நாடு முழுக்கச் செய்தி. டீ பார்ட்டிக்காரர்களுக்குக் குஷி. கடைசியில் அவர் உண்மையிலேயே நிறுத்தியது எரிசக்திக்கு வந்த 28.6 மில்லியன் டாலர் மட்டும்தான். அதுவாவது நின்றதா? ஜூலை 3ஆம் தேதி, பதவிக்காலம் முடிய ஒன்றரை வருஷம் இருக்கும்போது, ராஜினாமா செய்கிறேன் என்றார். செத்த மீன்தான் நீரோட்டத்தோடு போகும், நான் அப்படி இல்லை என்று அன்றைய பேச்சில் சொன்னார். ஜூலை 26 அன்று பதவியை விட்டு இறங்கினார். ஆகஸ்டில் சட்டமன்றம் கூடி, அவர் நிறுத்தி வைத்த அந்த 28.6 மில்லியனை ஓட்டுப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது. தன் தடையைக் காப்பாற்ற வாதாட வேண்டிய கவர்னர் நாற்காலியில் இல்லை. புகார்களும் வழக்குச் செலவும் தாங்கவில்லை என்று காரணம் சொன்னார், புகார்களில் பல அற்பமானவை என்பதும் நிஜம். ஆனாலும் சிறிய அரசுக்காக அவர் கையில் ஒரே ஒரு நிஜமான சண்டை இருந்தது, அந்தச் சண்டை நடந்த நாளில் அவர் களத்தில் இல்லை. அதற்கடுத்த மாதங்களில்தான் அவர் டீ பார்ட்டியின் பெரிய நட்சத்திரம் ஆகிறார்! இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செயல் எடுபடாமல் போனாலும் பரவாயில்லை, எதிர்த்துப் பேசினால் போதும் என்று ஆகிவிட்டால்தான் நடக்கும்.

அதே ஆகஸ்டில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 'மரணக் குழு' இருக்கிறதாம், வயதான பெற்றோரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் குழந்தையும் அதிகாரிகள் முன்னால் நின்று வாழத் தகுதி உண்டா என்று கேட்கவேண்டி வருமாம். மசோதாவில் இருந்தது என்ன? கடைசிக் காலத்தில் எந்த மாதிரி சிகிச்சை வேண்டும் என்று நோயாளி விரும்பினால் டாக்டரிடம் பேசலாம், அந்த நேரத்துக்கு மெடிகேர் டாக்டருக்குக் கட்டணம் தரும். அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, 2008 ஏப்ரலில் இதே பேலின் கவர்னராக, மக்கள் தங்கள் கடைசிக் கால சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு விழிப்புணர்வு நாளுக்கே அறிக்கை விட்டிருக்கிறார். அரசியல் பேச்சுகளின் உண்மையைச் சரிபார்க்கும் பொலிடிஃபேக்ட் தளம் அந்த மரணக் குழுவை 2009இன் பெரிய பொய் என்று தேர்ந்தெடுத்தது. பொய் என்பதை விட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. அந்தத் திட்டத்தை எதிர்க்க நியாயமான நிதிக் காரணங்கள் எவ்வளவோ இருந்தன. எவ்வளவு செலவாகும், யார் தருவார், பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று அந்த நூலக அறை ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பதிவில் அந்தக் கேள்வி எல்லாம் காணாமல் போய், ஊர் ஊராகப் பாட்டியைக் கொல்கிறார்கள் என்ற கூச்சல் மட்டும் மிஞ்சியது. செலவைக் குறைக்க வந்த இயக்கம், மெடிகேரில் கை வைக்காதே என்று காவலுக்கு நின்ற விநோதம் அப்போதுதான் முழுசாக நடந்தது.

அப்புறம் நாஷ்வில். 2010 பிப்ரவரி 6. தேசிய டீ பார்ட்டி மாநாடு என்று பெயர், லாபத்துக்கு நடத்தும் ஒரு அமைப்பு நடத்தியது, முழுச் சீட்டு 549 டாலர், பேலினுக்குப் பேச்சுக் கட்டணம் ஒரு லட்சம் டாலர் என்று செய்தி. அந்தப் பணத்தை இயக்கத்துக்கே திருப்பித் தருவேன் என்று அவர் சொன்னார், அதையும் பதிவு செய்கிறேன். மிஷெல் பாக்மன், மார்ஷா பிளாக்பர்ன் என்ற இரண்டு எம்.பி.க்கள் வரமாட்டோம் என்று விலகினார்கள். சாதாரண மக்கள் இயக்கத்துக்கு 549 டாலர் சீட்டா என்று டீ பார்ட்டிக்காரர்களே முறைத்தார்கள். பேலின் மேடையில் ஏறி, இந்த இயக்கத்துக்கு ஒரு ராஜாவோ ராணியோ தேவையில்லை என்ற தொனியில் பேசினார், ஒபாமா டெலிபிராம்ப்டர் பார்த்துப் படிப்பதைக் கிண்டல் செய்தார், ஒபாமாவின் தேர்தல் முழக்கமான அந்த 'நம்பிக்கை, மாற்றம்' எல்லாம் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டு வெடிச் சிரிப்பு வாங்கினார். கேள்வி பதில் நேரத்தில் கேமரா அவர் உள்ளங்கையைப் பிடித்தது. மையால் எழுதி வைத்திருந்தார். எரிசக்தி, வரி, அமெரிக்கர்களின் உற்சாகத்தைத் தூக்கு, இப்படி. மறுநாள் எல்லோரும் கையில் எழுதியதற்காகச் சிரித்தார்கள். கையில் எழுதினால் என்ன, நான் கூட இதோ துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டியதை விட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு வரி, முதலில் 'பட்ஜெட் வெட்டு' என்று எழுதி, அதில் பட்ஜெட்டை அடித்துவிட்டு 'வரி' என்று மாற்றியிருந்தது. பட்ஜெட்டை வெட்டு என்றால் எதை என்று அடுத்த கேள்வி வரும், முகம் சுளிக்கும் ஆட்கள் அரங்கிலேயே இருப்பார்கள். வரியை வெட்டு என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கைதான் தட்டுவார்கள். அந்த உள்ளங்கையை விட நல்ல சாட்சி என்னிடம் இல்லை நடுவர் அவர்களே.

இல்லை, குடியரசுக் கட்சி எம்.பி. பால் ரையனின் செலவுக் குறைப்புத் திட்டத்தை ஆதரித்து 2010 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் கட்டுரை எழுதினாரே என்று எதிரணித் தலைவர் தலையாட்டுகிறார். எழுதினார். மெடிகேரை மாற்றும் திட்டம் அது, தைரியமான கட்டுரை என்றே வைத்துக்கொள்வோம். ஊர் ஊராகப் போன பஸ்ஸில், தொலைக்காட்சியில், கூட்டங்களில் அதை எத்தனை தடவை விளக்கினார்? பாட்டியைக் கொல்கிறார்கள் என்று சொன்ன குரலில் ஒரு பங்காவது பாட்டியின் மெடிகேர் மாறப்போகிறது என்று சொன்னாரா?

63 இடங்களுக்கு வருகிறேன். வேலையில்லாத் திண்டாட்டம் ஒன்பது சதவீதத்துக்கு மேலே இருந்த வருஷம், புது அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் தேர்தல், பேலின் பிறக்காமலே இருந்திருந்தாலும் ஆளும் கட்சிக்கு அடி விழுந்திருக்கும். அவர் கை கொடுத்து ஜெயித்தவர்களும் உண்டு. பஞ்சாபிப் பெற்றோரின் மகள் நிக்கி ஹேலி சவுத் கரோலினாவில் நான்காவது இடத்தில் இருந்தபோது போய் ஆதரவு சொன்னார், ஹேலி கவர்னர் ஆனார். அழகான எடுத்துக்காட்டு, எதிரணி இதை எடுக்காமல் விட்டது அவர்கள் துரதிர்ஷ்டம். ஆனால் ஹேலி வைத்திருந்த கோரிக்கை என்ன? சட்டமன்றத்தில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு பதிவாக வேண்டும் என்பது. அது கணக்குக் கேட்கும் கோரிக்கை, அது ஜெயித்தது. மறுபக்கம் டெலவேரில் மைக் காசில் என்ற, நிச்சயம் ஜெயிக்கக்கூடிய ஆளைத் தள்ளிவிட்டு கிறிஸ்டீன் ஓ'டானலைத் தூக்கினார், அந்த அம்மா பதினேழு சதவீத வித்தியாசத்தில் தோற்று செனட் இடம் ஜனநாயகக் கட்சியிடமே நின்றது. சொந்த அலாஸ்காவில் செனட் இடத்துக்கு இவர் ஆதரித்தது ஜோ மில்லரை. உட்கட்சித் தேர்தலில் மில்லரிடம் தோற்ற லிசா முர்கோவ்ஸ்கி, வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், மக்கள் கையால் எழுதிப் போட்டு ஜெயித்தார். 1954க்குப் பிறகு செனட்டில் அப்படி யாரும் ஜெயித்ததில்லை. முர்கோவ்ஸ்கி என்ற பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியாவது இவர் ஆளைத் தோற்கடித்தார்கள் அலாஸ்காக்காரர்கள்.

நட்சத்திரம் இல்லாமல் இந்த இயக்கம் எதுவும் செய்யமுடியாது என்பவர்களுக்கு 2014 ஜூன் 10, வர்ஜீனியா. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்த எரிக் கேன்டரை டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார். கேன்டர் பக்கம் ஐந்து மில்லியன் டாலருக்கும் மேல், பிராட் பக்கம் இரண்டு லட்சம் அளவுதான். வானொலி ஆட்கள் சிலர் கூட நின்றார்கள், தேசிய டீ பார்ட்டி அமைப்புகளின் பெரிய பணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போன உள்ளூர் ஆட்கள் செய்த வேலை அது.

அந்த ஆட்களுக்கே பேலினைப் பற்றி என்ன தோன்றியது? முதலில் சொன்ன அதே 2010 ஏப்ரல் கருத்துக்கணிப்பு. டீ பார்ட்டி ஆதரவாளர்களில் பெரும்பான்மைக்கு அவரைப் பிடிக்கும். அதிபர் ஆகத் தகுதி உண்டா என்றால், இல்லை என்றவர்கள்தான் உண்டு என்றவர்களை விட அதிகம். கூட்டத்துக்கு விவரம் இருந்தது ஐயா! மேடைக்குத்தான் இல்லை.

கடைசிப் பகுதி. 2016 ஜனவரி 19, அயோவாவில் ஏம்ஸ். டொனால்ட் டிரம்ப் பக்கத்தில் நின்று பேலின் ஆதரவு சொன்னார். டெட் குரூஸ் போட்டியில் இருந்தார், 2013இல் பதினாறு நாள் அரசையே முடக்கிச் செலவுக்காகச் சண்டை போட்ட, பேலினே முன்பு தூக்கிவிட்ட டீ பார்ட்டி செனட்டர். குரூஸ் முறையை நான் ஏற்கவில்லை, ஆனால் செலவுதான் கேள்வி என்றால் அவர்தான் ஆள். பேலின் போனது, சோஷியல் செக்யூரிட்டியிலும் மெடிகேரிலும் கை வைக்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த டிரம்ப்பிடம். கூட்டமும் போனது. 2019 நிதியாண்டில், கொரோனாவுக்கு முன்னால், பொருளாதாரம் நன்றாக ஓடிய வருஷத்தில், மத்திய அரசின் பற்றாக்குறை 984 பில்லியன் டாலர். 787 பில்லியன் ஊக்கத் திட்டத்துக்காக ஊர் ஊராகப் பதாகை தூக்கியவர்கள் நாட்டில் ஒரு தெருவில் கூட அப்போது பெரிதாகக் கூடவில்லை. மனிதர்கள் அதேதான், ஊர்களும் அதேதான். இடையில் ஏழெட்டு வருஷம் அவர்களுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. எவ்வளவு செலவு என்று பார்க்காதே, யார் செலவு செய்கிறார் என்று பார். நம்ம ஆளா, அவங்க ஆளா. டிரம்ப் அந்தப் பழக்கத்தின் பலனைப் பறித்தார். விதைத்து நீர் ஊற்றி வளர்த்தவர்களில் முதல் பெயர் அலாஸ்காவில் இருந்து வந்தது.

அடுத்துப் பேசப்போகும் எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். 2009 ஜூலையில் பதவியை விட்டதில் இருந்து 2016 ஜனவரியில் ஏம்ஸ் மேடை ஏறியது வரை, சாரா பேலின் முன்னின்று போராடி மத்திய அரசின் செலவில் குறைத்துக் காட்டிய ஒரு திட்டத்தின் பெயரும் தொகையும் சொல்லுங்கள். கட்டுரை வேண்டாம், கைதட்டல் வேண்டாம், தொகை மட்டும் போதும். சொல்லிவிட்டால் தீர்ப்பை உங்கள் பக்கமே சொல்லும்படி நடுவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.